வெள்ளைச் சாம்பல்

நெய்வேலியில் ஒரு கிராம் லிக்னைட்டை எரிப்பது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. பெல்ட்டில் வந்த பழுப்பு நிலக்கரியைப் பல இடங்களில் அள்ளிக் கலந்து குவிப்பார்கள். குவியலை நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளுவார்கள். அதை மறுபடி கலந்து, மறுபடி நான்காக்கி, கடைசியில் மாவாக அரைத்ததில் ஒரு கிராம் எடுத்துத் தட்டையான சிலிக்கா கிண்ணத்தில் பரப்புவார்கள். கிண்ணம் குளிர்ந்த உலைக்குள் போகும். அரை மணி நேரத்தில் 500 பாகை செல்சியஸ், அதற்குப் பிறகு 815. ஐ.எஸ். 1350 என்ற இந்தியத் தரவிதி சொல்லும் வெப்பம் இது. பத்து பாகை கூடலாம், பத்து குறையலாம். எடை இனி இறங்காது என்று ஆனதும் ஈரம் புகாத டெசிகேட்டருக்குள் ஆறவைத்துத் தராசில் ஏற்றினால், மிஞ்சியிருப்பது நெற்றிக்கு இட்டுக்கொள்ளக்கூடக் காணாது.

அவசரப்பட்டுக் கிண்ணத்தை முன்னதாக எடுத்துவிட்டால் நடுவில் கறுப்புத் திட்டுகள் தெரியும். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அதைக் கொண்டுபோய், "அண்ணே, சாம்பல் கறுப்பா வந்திருக்கு" என்று காட்டினால், உலையோடு பழகியவர் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: "அது சாம்பல் இல்லப்பா, கரி. இன்னும் வேகல. உள்ள வை."

உலகெங்கும் கஞ்சா இழுப்பவர்கள் பல வருஷமாகப் பேசிவரும் ஒரு வழக்குக்கு இந்தப் பதிலே பாதித் தீர்ப்பு. அவர்கள் சொல்வது இப்படி: சுருட்டின் சாம்பல் வெள்ளையாக, பஞ்சுபோல் உதிர்ந்தால் செடி நல்லபடியாக வளர்க்கப்பட்டது. கறுப்பாக, கட்டியாக நின்றால் வளர்த்தவன் உரத்தைக் கொட்டியிருக்கிறான், அறுவடைக்கு முன் அதைக் 'கழுவி' எடுக்கவில்லை. கழுவுவது என்றால், கடைசி ஒன்றிரண்டு வாரம் சத்துக் கரைசலை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீர் மட்டும் விடுவது. செடி தனக்குள் சேர்த்துவைத்த உப்பையெல்லாம் செலவழித்துச் 'சுத்தமாகிவிடும்' என்பது நம்பிக்கை. கனடா, அமெரிக்க மாநிலங்கள் சில என்று சட்டம் வாசல் திறந்துவிட்ட இடங்களில் இது பெரிய வியாபாரத்தின் தர அளவுகோலாகவே ஆகிவிட்டது. நெருப்பு வைத்துப் பார்த்து நிறத்தைச் சொல்ல ஆய்வகம் வேண்டாம், காசும் வேண்டாம். ஒரு தீக்குச்சி போதும்.

நம்மூரில் இந்தப் பேச்சு வேர்பிடிக்க வழியில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்த்தாலே பத்தாண்டு வரை கடுங்காவல். தேனிப் பக்கத்து மலையடிவாரங்களில் ஒருகாலத்தில் ஒளித்துப் பயிரிட்ட கதைகள் இருக்கின்றன. இன்று காவல்துறை பிடிக்கும் மூட்டைகளில் பெரும்பகுதி ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருவது. மழையிலும் மலைமண்ணிலும் வளர்ந்த செடியைக் கழுவுவது யார்? கழுவுவது என்பதே, அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில், தொட்டியில், பாட்டில் உரம் குடித்து வளரும் செடிக்கு ஏற்பட்ட வழக்கம். ஆனால் செடியை எரித்து அதன் பிறப்பையும் வளர்ப்பையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற ஆசை பழையது; அது கஞ்சாவோடு நிற்பதில்லை. நெய்வேலி ஆய்வகம் தினமும் செய்வதும் அதுதான். அந்தக் கிண்ணத்தில் இருப்பதும் செடி. செத்துக் கோடிக்கணக்கான வருஷம் ஆகிவிட்டது, அவ்வளவே வித்தியாசம்.

1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பது நெய்வேலியில் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் கதை. 1956இல் நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை விலக்கிக் கரியைத் தொட 1961 ஆகஸ்ட் ஆனது. அப்படித் தொட்ட கரி ஒரு சதுப்புக் காடு. பனைக் குடும்பத்து மரங்களின் மகரந்தம் இன்னும் அதற்குள் அகப்படுகிறது. மயோசீன் காலத்துக் காடு என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர்களில் சிலர் அதை இன்னும் பழைய இயோசீனுக்குத் தள்ளுகிறார்கள். எப்படியானாலும் முழுக்கக் கல்லாகாத கரி. கைக்கு மரம்போலவே படும் துண்டுகள் உண்டு. எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்.

இந்தக் கரியின் பெருமை அதன் சாம்பலின் சிறுமையில் இருக்கிறது. மண்ணிலிருந்து எடுத்த நிலையில் கணக்கிட்டால் நூற்றுக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு பங்கு சாம்பல். வடக்கே அனல்மின் நிலையங்களுக்குப் போகும் நிலக்கரியில் முப்பத்தைந்து, நாற்பது என்று சாதாரணமாக இருக்கும். அங்கே மூன்று வண்டி கரி ஏற்றினால் ஒரு வண்டிக்கு மேல் சாம்பலைத்தான் ஏற்றுகிறார்கள்.

நெய்வேலிச் சாம்பலிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பிறவிச் சாம்பல். அந்தச் சதுப்பு மரங்கள் உயிரோடிருந்தபோது வேர்வழியே உறிஞ்சிய சுண்ணாம்பும் மக்னீசியமும், மட்கும்போது சேறு விட்டுச்சென்றதும் அது. மற்றது வந்தேறிச் சாம்பல். கரிப் படுகையின் மேலும் கீழும் களிமண்ணும் மணலும் இருக்கின்றன. ராட்சதச் சக்கரத்தில் வாளிகளைக் கோத்த அகழ்வு இயந்திரம் கரியை வெட்டும்போது கொஞ்சம் ஆழமாகவோ மேலாகவோ போய்விட்டால் களியும் சேர்ந்து பெல்ட்டில் ஏறிவிடும். அன்றைய சாம்பல் சதவீதம் உயரும். ஆக, கிண்ணத்தில் மிஞ்சும் அந்தச் சிட்டிகை, காட்டைப் பற்றியும் சொல்கிறது. நேற்று இரவு ஷிப்டில் இயந்திரம் ஓட்டியவரின் கையைப் பற்றியும் சொல்கிறது. விளைந்த விதத்தைப் பற்றி ஒரு சாம்பல் இதைவிட நேராகப் பேசி யாரும் கேட்டிருக்க முடியாது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது பேசியது எடையால்.

நிறம் எங்கே பேசுகிறது என்று பார்க்க, நெல் உமிக் குவியலுக்குப் போகலாம். கடலூர் மாவட்டத்துக்காரருக்கு அது தெரியாததில்லை. களத்தோரம் கொளுத்திவிட்ட உமி ராத்திரி முழுக்கக் கனன்று காலையில் ஆறியிருக்கும். மேலே வெள்ளை. ஒரு குச்சியால் கிளறினால் கீழே சாம்பல் நிறம், இன்னும் கீழே கன்னங்கரேல். ஒரே வயல், ஒரே ரகம், ஒரே உரம், ஒரே இரவு. மேலே இருந்ததற்குக் காற்று கிடைத்தது, அடியில் இருந்ததற்குக் கிடைக்கவில்லை. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதிலும் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. உமியிலுள்ள பொட்டாசியம் சூட்டில் அந்தச் சிலிக்காவோடு சேர்ந்து உருகிக் கரித்துகளைச் சுற்றிக் கண்ணாடிபோல் மூடிவிடும். அப்புறம் எவ்வளவு எரித்தாலும் உள்ளே இருக்கும் கறுப்பு வெளுக்காது. அமிலத்தில் ஊறவைத்துப் பொட்டாசியத்தைக் களைந்துவிட்டு எரித்தால் அதே உமி பால்போல் வெளுக்கும்.

தமிழ் இதில் ரொம்பத் தெளிவு. எரிந்தும் எரியாமல் நிற்பது கரி. எரிந்து முடிந்தது சாம்பல். சலித்து நெற்றிக்கு வருவது நீறு. சாண உருண்டையை உமி மூட்டம் போட்டுச் சுடுகிறவர்கள் மூட்டத்தை அவசரப்பட்டுக் கலைக்க மாட்டார்கள்; கலைத்தால் உருண்டையின் நடு கறுத்திருக்கும். அதைப் பார்த்து மாடு என்ன தின்றது என்று யாரும் ஆராய்வதில்லை. மூட்டம் சரியில்லை என்பார்கள். சித்த மருத்துவத்தில் பற்பம் செய்பவர் வறட்டிக் கணக்கு வைத்துப் புடம் போட்டு, விரல் ரேகைக்குள் நுழைகிறதா, நீரில் மிதக்கிறதா என்று பார்ப்பதும் நெருப்பின் வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான். கறுப்பை வைத்து உரத்தைக் குற்றம்சாட்டுகிறவர்கள், அடுப்பின் மேல் போடவேண்டிய வழக்கை அரிசியின் மேல் போடுகிறார்கள்.

மருந்துச் சரக்குகளைச் சோதிக்கும் வேதியியலாளருக்கும் இந்தக் கறுப்பு பழகிய தொல்லை. வேர், இலை, பட்டை எதை எரித்தாலும் சிலவற்றில் உப்பு உருகிக் கரியை மூடிக்கொள்ளும். அவர் கறுப்புச் சாம்பல் என்று எழுதிவைத்துவிட்டு எழுந்து போவதில்லை. எரிந்ததைச் சுடுநீரில் அலசி, சாம்பல் மிஞ்சாத வடிதாளில் வடித்து, தாளோடு மறுபடி எரித்து, வடிநீரையும் அதிலேயே சுண்டவைத்து எரிப்பார். கரி முழுக்கப் போகும்வரை அவர் கணக்கில் சாம்பல் பிறக்கவே இல்லை.

கஞ்சாச் சுருட்டின் நுனியில் ஆய்வகத்து உலை கிடையாது. பூ சரியாகக் காயாமல் ஈரம் இருந்தால் கறுக்கும். இறுக்கிச் சுருட்டினால் கறுக்கும். இழுப்பவரின் மூச்சு குறைந்தால் கறுக்கும். பிசின் அதிகமிருந்தால் கறுக்கும். இதற்கு மேல் ஒரு வேடிக்கை உண்டு: சிகரெட் சுற்றும் தாளில் சுண்ணாம்புத் தூளைக் கலந்துதான் தயாரிக்கிறார்கள்; தாள் ஒளிபுகாமல், சீராக எரிய அது வேண்டும். எரிந்தபின் வெள்ளையாக நிற்பதில் ஒரு பங்கு அந்தச் சுண்ணாம்பு. செடியைப் பாராட்டுவதாக நினைத்துக் காகித ஆலையைப் பாராட்டுகிறவர்கள் உண்டு.

இருந்தாலும் அந்த நம்பிக்கையை முழு மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு ஒரு முப்பாட்டன் இருக்கிறான். அவன் பெயர் புகையிலை. அவன் விஷயத்தில் சாம்பல் நிஜமாகவே வயலைக் காட்டிக்கொடுத்தது.

ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் துப்புத் துலக்கிய நாவல் 1887இல் வெளிவந்தது. அதில் பிணம் கிடந்த அறையின் தரையிலிருந்து சாம்பலைத் திரட்டி எடுத்து, கொலையாளி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று அவர் சொல்லிவிடுவார். கறுத்து, செதில் செதிலாக உதிரும் சாம்பல் அந்தச் சுருட்டுக்கு மட்டுமே உரியது என்பது அவர் கட்சி. நூற்று நாற்பது வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றித் தாம் ஒரு சிறுநூல் எழுதியிருப்பதாகப் பிற்பாடு ஒரு கதையில் பெருமையடித்தும் கொள்வார். லண்டன் துப்பறிவாளரின் பட்டியலில் திருச்சி உறையூருக்கு இடம் கிடைத்தது இப்படி. திண்டுக்கல் பக்கத்து இலையை வாங்கி, வெல்லக் கரைசலில் ஊறவைத்துப் பக்குவம் செய்து கையால் சுற்றும் தொழில் அது. ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் அந்தத் தெருக்களில் நடந்தவரில்லை. ஆனால் ஊருக்கு ஊர் சாம்பல் மாறும் என்று அவர் நம்பியதில் பொருள் இருந்தது.

பிரான்சில் ஷ்லோசிங் என்ற வேதியியலாளர் 1860 வாக்கிலேயே அதற்குக் காரணம் கண்டிருந்தார்: இலையில் பொட்டாசியம் தாராளமாக இருந்தால் புகையிலை அணையாமல் கனியும். பின்வந்தவர்கள் மறுபக்கத்தைச் சேர்த்தார்கள். குளோரைடு ஏறினால் கனல் அணையும். மக்னீசியம் இருந்தால் சாம்பல் வெளுத்து இளகி நிற்கும். சிகரெட் இலையில் குளோரைடு நூற்றுக்கு ஒன்றரையைத் தாண்டக் கூடாது என்பது புகையிலை ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் எல்லை. புகையிலைக்குப் பொட்டாஷ் வேண்டும் என்றால் குளோரைடு வகையை இடாதே, சல்பேட் வகையை இடு என்ற அறிவுரை இதிலிருந்து வந்தது. திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்றே 1948இல் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். கிணற்று நீரின் உப்பு அங்கே வெறும் பாசனப் பிரச்சினையாக முடிவதில்லை. சுருட்டின் நுனிவரை வந்துவிடும். உப்புக் காற்றிலும் உவர் மணலிலும் விளையும் வேதாரண்யம் இலை மெல்லுவதற்கே பேர்போனது.

அப்படியானால் புகையிலைக்குப் பலித்த சோதிடம் கஞ்சாவுக்கு ஏன் பலிக்கவில்லை? புகையிலை ஆராய்ச்சியாளர் கனல் எத்தனை நேரம் நிற்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார், இலையை ஆய்வகத்துக்கு அனுப்பினார், வயலின் நீரையும் சோதித்தார், மூன்றையும் பொருத்திப் பார்த்தார். நிறம் அவருக்குக் கடைசிச் சாட்சி. கஞ்சாக்காரர் கடைசிச் சாட்சியை மட்டும் கூப்பிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டார்.

கழுவுவதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 2017இல் வந்த ஓர் ஆய்வேடு, கழுவியதால் பூவிலிருந்த தாதுக்களின் அளவு சொல்லும்படி குறையவில்லை என்றது. கொலராடோவில் 2019இல் ஒரு நிறுவனம் பதினான்கு நாள், பத்து நாள், ஏழு நாள் கழுவியதையும் கழுவவே கழுவாததையும் ஒப்பிட்டு, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அறிவித்தது. அந்த நிறுவனம் உரம் விற்பது. கடைசி நாள்வரை உரம் போடுங்கள் என்று உரக்கடைக்காரர் சொல்வதை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது என்பது அவரவர் பாடு. குவெல்ஃப் ஆய்வேடு சொன்னதில் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை. சுண்ணாம்புச் சத்து இலையில் போய் உட்கார்ந்தால் அதோடு சரி, எழுந்து வேறிடம் போகாது. வேரில் தண்ணீர் ஊற்றிப் பூவை அலசலாம் என்பது வாசலில் தண்ணீர் தெளித்து மாடியைக் கழுவுகிற யோசனை.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை வேறு. உரம் என்றதும் விவசாயி முதலில் நினைப்பது யூரியா. அதாவது தழைச்சத்து, நைட்ரஜன். அளவுக்கு மீறிப் போட்டுச் செடியைக் கெடுப்பதும் பெரும்பாலும் அதனால்தான். நெருப்பில் ஓடிப்போவதும் அதுவே. புகையாக, வாயுவாகக் கிளம்பிவிடும்; சாம்பலில் அதற்குத் தடயம் இல்லை. நெய்வேலியில் 1960களில் லிக்னைட்டை வாயுவாக்கி யூரியா செய்யும் ஆலையே நடத்தினார்கள். அந்த யூரியாவை மூட்டை மூட்டையாகப் போட்டு வளர்த்த செடியையும் ஒரு குத்துக்கூடப் போடாமல் வளர்த்த செடியையும் எரித்துச் சாம்பலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நைட்ரஜனைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே மௌனம்.

இந்த மௌனத்தில் சறுக்கியவர்களில் சாதாரண ஆட்கள் மட்டும் இல்லை. ஜெர்மனியின் லீபிக் 1840இல் வெளியிட்ட நூல் வேளாண் வேதியியலையே புரட்டிப்போட்டது. செடி எந்தத் தாதுக்களை மண்ணிலிருந்து எடுக்கிறது என்று அதன் சாம்பல் காட்டும், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார். தழைச்சத்தைக் காற்றும் மழையும் கவனித்துக்கொள்ளும் என்றும் வாதாடினார். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற ஊரில் லாஸும் கில்பர்ட்டும் 1843 முதல் கோதுமை வயலில் வருஷா வருஷம் போட்டுப் பார்த்தார்கள். சாம்பல் உப்புகளை மட்டும் கொடுத்த பாத்தி சோர்ந்து நின்றது; நைட்ரஜனும் சேர்ந்த பாத்தி கொழித்தது. அவ்வளவு பெரிய மூளையைச் சாம்பல் ஏமாற்றியது ஒரே வழியில்: தன்னிடம் இல்லாததைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

தன்னிடம் இருப்பதைப் பற்றிக் கேட்டால் சாம்பல் பொய் சொல்லாது என்பதற்குத் தேயிலை சாட்சி. ஒருமுறை கொதித்த தேயிலைச் சக்கையைச் சேகரித்து, காயவைத்து, சாயமேற்றிப் புதுத் தூளோடு கலந்து விற்பது பழைய மோசடி. கண்ணுக்கும் மூக்குக்கும் தப்பிவிடும். உணவுப் பாதுகாப்புத் தரவிதி அதைச் சாம்பலில் பிடிக்கிறது. தேயிலையின் மொத்தச் சாம்பல் நூற்றுக்கு 4 முதல் 8 வரை இருக்க வேண்டும். அந்தச் சாம்பலில் 45 சதவீதமாவது நீரில் கரைய வேண்டும். கொதித்த தேயிலையிலிருந்து பொட்டாசியம் போன்ற கரையும் உப்புகள் யாரோ ஒருவர் குடித்த டம்ளரில் ஏற்கெனவே இறங்கிவிட்டன. சக்கையை எரித்தால் சாம்பல் வரும், தண்ணீரில் போட்டால் கரையாமல் உட்கார்ந்திருக்கும். கஞ்சாக்காரர்கள் தேடுகிற 'கழுவிய செடி'யை உலகத்தில் எங்காவது சாம்பலில் பார்க்க முடியும் என்றால், அது டீக்கடைச் சக்கையில்தான். மிளகாய்த்தூளுக்கும் இதே நெருப்பு. மொத்தச் சாம்பல் 8 சதவீதத்தையும், அமிலத்தில் கரையாத சாம்பல் 1.3 சதவீதத்தையும் தாண்டினால், மிளகாயோடு செங்கல்லோ மணலோ மில்லுக்குள் போயிருக்கிறது என்று பொருள்.

கஞ்சாவைப் பற்றிச் சாம்பலிடம் இப்படிக் கேட்டிருக்க வேண்டிய ஓர் ஊரும் உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 2007இல் வயிற்றுவலி, ரத்தசோகை, களைப்பு என்று இளைஞர்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். இருபத்தொன்பது பேருக்கு ஈய நஞ்சு. எல்லாரையும் சேர்த்துக் கட்டிய கயிறு கஞ்சா. எடை கூட்டிக் காசு பார்க்க விற்றவன் ஈயத் தூளைக் கலந்திருந்தான். அதே ஆண்டு பிரிட்டனில் கண்ணாடித் துகள் கலந்த கஞ்சாவைப் பற்றி அரசு எச்சரிக்கை விட்டது. வெள்ளையா கறுப்பா என்று நுனியைப் பார்த்தவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. நிறுத்து எரித்து நிறுத்திருந்தால், இயல்புக்கு மீறிய கனம் தராசுத் தட்டில் நின்றிருக்கும்.

இந்தியாவில் கஞ்சாவை ஆய்வகத்துக்குக் கொண்டுபோன காலமும் ஒன்று இருந்தது, அதில் தமிழ்நாட்டு மலை ஒன்றுக்கும் பங்குண்டு. 1893–94இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு நாடெங்கும் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கியது. மாகாணங்களிலிருந்து வந்த மாதிரிகளைப் பகுத்தாய்ந்தவர் டேவிட் ஹூப்பர். ஊட்டியில் சின்கோனாப் பட்டையில் குயினைன் எவ்வளவு என்று கணக்கிடும் அரசு வேதியியலாளர் அவர். இரண்டு பேரோடு சேர்ந்து இந்திய மூலிகைகளைப் பற்றி மூன்று தொகுதிகளில் பெருநூல் எழுதியவர். அதில் பல சரக்குகளுக்கு எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவும் குறித்திருக்கும். நீலகிரிக் குளிரில் உட்கார்ந்து வங்காளத்துக் கஞ்சாவின் பிசினைச் சாராயத்தில் கரைத்துக்கொண்டிருந்த அந்த மனிதரை நினைத்தால் ஏனோ சிரிப்பு வருகிறது. தரம் எது என்று அவர் பிசினிடம் கேட்டார். போதை பிசினில்தான் இருக்கிறது, தீ வைத்தால் அது முதலில் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

இன்று பிடிபடும் கஞ்சா நீதிபதி முன்னிலையில் மாதிரி எடுக்கப்பட்டு, நிழற்படம் எடுக்கப்பட்டு, பிறகு எரியுலைக்குப் போகிறது. மாதிரியைத்தான் சாட்சியாக வைப்பார்கள். சாம்பலை யாரும் கேட்பதில்லை.

நெய்வேலியில் கேட்கிறார்கள். கொதிகலனிலிருந்து புகையோடு கிளம்பும் தூளை மின்புலத்தால் இழுத்துப் பிடித்துச் சேர்க்கிறார்கள். அது மூடிய டாங்கர் லாரிகளில் ஏறிச் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. நிலக்கரிச் சாம்பலை விட இதில் சுண்ணாம்பு அதிகம், தண்ணீர் பட்டால் தானே இறுகும். மரங்கள் உறிஞ்சிய சுண்ணாம்பு அத்தனை கோடி வருஷம் கழித்துச் சுவரில் போய் உட்காருகிறது. பக்கத்துச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பூச்சியியல் பேராசிரியர் பி. நாராயணசாமி இதை வேறொரு கண்ணால் பார்த்தார். அவரைக்கொடியில் அசுவினி விழுந்தால் அடுப்புச் சாம்பலை அள்ளித் தூவும் வழக்கம் கிராமத்தில் உண்டு. லிக்னைட் சாம்பலும் சாம்பல்தானே என்று நெல்லிலும் காய்கறியிலும் தூவிச் சோதித்தார். நுண்ணிய சிலிக்கா துகள் இலையோடு பூச்சியின் வாய்க்குள் போனால் கடிக்கும் தாடை தேயும். மருந்தைத் தாங்கிச் செல்லும் தூளாகவும் அது பயன்படும் என்று பல ஆண்டு உழைத்தார்.

சாம்பல் திரும்பச் செடிக்குப் போகும்போது ஆய்வகத்துக்கு வேறு கேள்வி வந்துவிடுகிறது. செடி எதை உறிஞ்சும்? அனல்மின் சாம்பலில் போரான், செலினியம், ஆர்சனிக் என்று சிறு அளவில் பலதும் இருக்கும். கஞ்சாவின் இனத்தையே சேர்ந்த, நாருக்காக வளர்க்கும் ஹெம்ப் செடியை 1990களின் கடைசியில் செர்னோபில் பக்கத்து மண்ணில் நட்டது, அது மண்ணிலிருக்கும் உலோகத்தை ஈவிரக்கமில்லாமல் இழுத்துக்கொள்ளும் என்பதால்தான். இழுத்ததை எங்கே வைத்திருக்கிறது என்று பார்க்க எரிக்கத்தான் வேண்டும். எரித்துப் பார்த்ததோடு நிறுத்த முடியாது. அமிலத்தில் கரைத்துக் கருவிக்குள் செலுத்தி, பத்து லட்சத்தில் பத்துப் பங்கா ஒரு பங்கா என்று எண்ண வேண்டும். அந்த அளவு உலோகத்துக்கு நிறம் கிடையாது.

உலையை அணைத்தபிறகு ஆய்வகத்தில் இன்னும் ஒரு வேலை மிச்சமிருக்கும். சாம்பல் இருக்கும் கிண்ணத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுவார்கள். செடிச் சாம்பலானால் சோடா பாட்டில் திறந்ததுபோலச் சிறிதாகப் பொங்கும். 815 பாகை வரை போன லிக்னைட் சாம்பல் அவ்வளவு பொங்காது, கரியமில வாயு முன்பே கிளம்பியிருக்கும். சுண்ணாம்பு கரையும், மக்னீசியம் கரையும், இரும்பு மஞ்சளாக இறங்கும். மிஞ்சியதைத் தாளில் வடித்துத் தாளோடு எரித்து ஆறவைத்து, விளக்கடியில் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் நாலைந்து மினுக்கல் தெரியும். கடலூர்ப் பக்கத்துச் செம்மணல். வாளிச் சக்கரம் நேற்று ஒரு சாண் கூடுதலாகத் தோண்டியிருக்கிறது.